பொம்மைப் படைக்கு எத்தனை பக்கம் சட்டம்?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மகா யுத்தம் நடப்பதாக இருந்தது. அது நடக்காமற் போன விதத்தைச் சொல்லவே இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

சீமையில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனர் ஊருக்கு வந்தபோது என் மூத்த மகனுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். அதற்குள்ளே ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள சின்னஞ்சிறு பதுமைகள் இருந்தன. கோடரி ஏந்திய குள்ளர்கள், பச்சை நிறப் பூதங்கள், நீண்ட தாடி வைத்த மந்திரவாதி ஒருவர், இவர்கள் எல்லாருக்கும் மேலாகச் சிறகை விரித்து வாயைப் பிளந்து நிற்கும் டிராகன் ஒன்று. பதினைந்து வயதுப் பையன் ஒரு மாதம் குனிந்த தலை நிமிராமல் அவ்வளவுக்கும் வர்ணம் தீட்டினான். பத்து வயதுத் தங்கை பக்கத்திலிருந்து தூரிகை கழுவிக் கொடுத்தாள். அதற்குக் கூலியாக, முதல் யுத்தத்தில் டிராகனை அவளே நடத்துவதென்று ஒப்பந்தம்.

பெட்டியோடு ஒரு புத்தகமும் வந்திருந்தது. விளையாட்டின் விதிகள் அடங்கிய புத்தகம். இருநூறு பக்கத்துக்கு மேல். நாலு மணிக்குக் கூடத்தில் ஜமக்காளம் விரித்தோம். அகராதிகளை அடுக்கிப் பச்சைத் துணியைப் போர்த்தி மலையாக்கினோம். நானும் மகளும் ஒரு கட்சி. பையன் மற்றொரு கட்சி. சேனைகளைக் கணக்குப் பார்த்து நிறுத்துவதற்கே ஆறு மணி ஆகிவிட்டது. ஆறரை மணிக்குப் பையனுடைய மந்திரவாதி ஓர் அக்கினி உருண்டையை எறிந்தார். மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எங்கள் குள்ளர்மேல் அது படுமா, படாதா? புத்தகத்தைப் பார்த்தோம். 64-ஆம் பக்கம் 112-ஆம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லிற்று. 112-ஆம் பக்கமோ, விசேஷ விதி எதுவும் இல்லாவிட்டால் படும் என்றது. விசேஷ விதி உண்டா என்று தேடிக்கொண்டே தகப்பனும் பிள்ளையும் வக்கீல்களாக மாறிவிட்டோம். எட்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தபோது, குழந்தை டிராகனை மடியில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்பா, என் முறை வந்ததா?"

வரவில்லை. பையனோ பெட்டியை மூடிப் பரண்மேல் வைத்துவிட்டான். ஒரு மாத உழைப்பு! எங்கள் மூவரில் ஒருவருக்கும் யுத்தத்தில் தோல்வி இல்லை. ஆனால் மூவருமே தோற்றுவிட்டோம் என்று எனக்குத் தோன்றிற்று. விளையாட்டின் பேரில் குற்றமா, விதியின் பேரில் குற்றமா என்று அறிந்துகொள்ளும் பொருட்டு நான் கொஞ்சம் படிக்க நேர்ந்தது. படித்ததில் வீட்டிலே குழந்தைகள் உள்ளவர்களுக்கு உபயோகமாகக்கூடியதை இங்கே சொல்கிறேன்.

சதுரங்கம் நம் தேசத்தில் பிறந்து, பாரசீகம் வழியாக மேற்கே சென்ற விளையாட்டு என்பது எல்லாரும் அறிந்ததே. அதை உண்மையான யுத்தத்தைப் போலவே ஆக்கிவிட வேண்டுமென்று ஜெர்மனியில் ப்ரன்ஸ்விக் நகரத்து ஆசிரியர் ஹெல்விக் என்பவர் ஆசை கொண்டார். அவர் 1780-இல் வெளியிட்ட ஆட்டத்தின் பலகையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. அதன் பின் 1824-இல் பிரஷ்ய ராணுவத்து இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களை நீக்கிவிட்டு, தேசப்படத்தின் மீது சிறு கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி, மத்தியஸ்தர் ஒருவர் தீர்ப்புச் சொல்லும் விளையாட்டை அமைத்தார். பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளைப் பயிற்றுவதற்கு அதையே கையாண்டது. ஆனால் விதிகளும் அட்டவணைகளும் தடையாகப் போகவே, 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற மற்றோர் அதிகாரி அவற்றில் பெரும்பாகத்தை ஒதுக்கிவிட்டு, அனுபவசாலியான மத்தியஸ்தரின் தீர்ப்பே போதும் என்று சொன்னார். யுத்தத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அட்டவணைகள் அலுத்துப்போயின என்றால், அரைப் பரீட்சை முடிந்து வந்த குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இந்த விளையாட்டை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1913-இல் அவர் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். காலாட்படை ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம், குதிரைப்படை இரண்டடி. வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியை எய்ய வேண்டும். விழுந்த சிப்பாய் இறந்தான். வீரர்களை நகர்த்துவதற்குக் கடிகாரம் பார்த்துக் கால வரையறை உண்டு. ஏறக்குறைய அவ்வளவுதான்! பத்து வயதுக் குழந்தைக்குப் பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

அப்படியிருக்க, இருநூறு பக்கம் எங்கிருந்து முளைத்தது?

மாயாஜாலத்திலிருந்து முளைத்தது என்பதே என் அபிப்பிராயம். சரித்திர யுத்தங்களை விளையாடுகிறவர்களுக்குச் சரித்திரமே ஒரு கடிவாளம். நெப்போலியன் சேனையில் டிராகன் கிடையாது. கற்பனை உலகத்திலோ யார் வேண்டுமானாலும் வரலாம். 1971-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 'செயின்மெயில்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். அது மத்திய காலத்து யுத்தங்களுக்கான விதிகள். கடைசியில் மட்டும் மந்திரவாதிகளுக்கும் டிராகன்களுக்குமாக ஓர் அனுபந்தம். அதில் மகாவீரன் ஒருவன் நான்கு பேருக்குச் சமானம் என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டார்கள். எவ்வளவு சுருக்கம்! ஆனால் பிற்பாடு வந்தவர்கள் அந்த வரியோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு விசேஷ குணம். ஒவ்வொரு வாளுக்கும் ஒரு வரம். ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு விதிவிலக்கு. இலக்கணத்தில் சூத்திரத்தைவிட விதிவிலக்கு அதிகமானால் மாணவன் என்ன செய்வானோ, அதையே விளையாடுகிறவனும் செய்கிறான், புத்தகத்தை மூடிவிடுகிறான்.

பக்கத்தை எண்ணினால் போதும் என்றும் நினைக்கலாகாது. இங்கிலாந்தில் 1983-இல் பிறந்து மிகப் பிரசித்தி பெற்ற 'வார்ஹாமர்' என்ற விளையாட்டின் இடத்தில், 2015-இல் 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்ற புது விளையாட்டு வந்தது. அதன் அடிப்படை விதிகள் நாலே பக்கம், அதுவும் இலவசம். ஆனால் ஒவ்வொரு வகைப் படைக்கும் தனியாக ஒரு தாளும், அதில் அந்தப் படைக்கே உரிய விதிகளும் உண்டு. எந்தச் சேனை எந்தச் சேனைக்குச் சமம் என்று அளந்து பார்க்கும் கணக்கோ முதலில் இல்லவே இல்லை. மறு வருஷம்தான் அதைச் சேர்த்தார்கள். ஆகவே புத்தகம் மெலிந்ததா என்று பார்ப்பதைவிட, விளையாடும்போது புத்தகத்தை எத்தனை தடவை திறக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதே மேல்.

சரி, எந்த விதிகளைத் தேர்ந்தெடுப்பது? கடையில் கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைப் பார்க்கிறோம் அல்லவா? அது போல் இதற்கும் பார்க்க வேண்டிய காம்புகள் நான்கு உண்டு.

முதலாவது, ஒரு வீரனுக்கு எத்தனை எண்கள்? நடை, வில், வாள், பலம், கவசம், தைரியம் என்று எட்டு ஒன்பது எண்கள் வைத்திருக்கும் விதிகள் உண்டு. இரண்டே எண்கள் வைத்து நடத்தும் விதிகளும் உண்டு. இரண்டு எண்களைக் குழந்தை மனப்பாடம் செய்துகொள்வாள். ஒன்பது எண்களுக்கு எனக்கே காகிதம் வேண்டும்.

இரண்டாவது, ஓர் அடியின் முடிவு தெரிய எத்தனை முறை பகடை உருட்ட வேண்டும்? அடி பட்டதா என்று ஒரு முறை, பட்டது காயமா என்று ஒரு முறை, காயத்தைக் கவசம் தடுத்ததா என்று ஒரு முறை. இப்படி மூன்று படி ஏறும் விதிகள் பல. இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டி, பெரிய எண் ஜயித்தது என்று ஒரே படியில் முடிப்பவையும் இருக்கின்றன.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எதிரே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்? ஒருவர் தம் சேனை முழுவதையும் நகர்த்தி, எய்து, வெட்டி ஓய்ந்த பிறகே மற்றவர் தொடலாம் என்றால், அந்த மற்றவர் குழந்தையாக இருக்கும் பட்சத்தில் தூணைத் தேடிப் போவதில் ஆச்சரியமில்லை.

நான்காவது, யுத்தம் எப்படி முடிகிறது? கடைசிப் பூதம் சாகும் வரையில் நடத்த வேண்டுமென்றால் விடிந்துவிடும். பாதிச் சேனை போனால் தோல்வி என்ற மாதிரி ஒரு நிபந்தனை அவசியம்.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்ததில் மூன்று புத்தகங்கள் என் மனசுக்குப் பிடித்தன.

ஒன்று, 1991-இல் இங்கிலாந்தில் வெளியான 'ஹோர்ட்ஸ் ஆஃப் த திங்ஸ்'. ஃபில் பார்க்கர் முதலிய மூவர் எழுதியது. பெருஞ்சேனைகள் மோதும் யுத்தத்தைச் சிறிய மேஜையில் காட்டுவது. 24 புள்ளிக்குள் சேனையை அமைக்க வேண்டும். சாதாரணப் படைக்கு 2 புள்ளி, மகாவீரனுக்கு 4. ஆளுக்குப் பன்னிரண்டு துண்டுப் படைகள் இருந்தாலே அதிகம். இதில் நான் வியந்தது விதிவிலக்குகளை அடக்கிய சாமர்த்தியம். யானையானாலும் சரி, மலை போன்ற ராக்ஷஸன் ஆனாலும் சரி, இரண்டும் ஒரே வகை. உலகத்திலுள்ள கதைகளின் பிராணிகளையெல்லாம் சில வகைகளுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தளபதி ஒரு பகடை உருட்டுகிறார். எத்தனை விழுந்ததோ அத்தனை உத்தரவுதான் கொடுக்கலாம். ஒன்று விழுந்தால் ஓர் உத்தரவு! வலப்புறத்தைக் காப்பதா, இடப்புறத்தை ஏவுவதா? விதி ஒரு வரி. யோசனையோ ஐந்து நிமிஷம். கோட்டை பறிபோனாலும், பாதிச் சேனை அழிந்தாலும் யுத்தம் முடிந்தது. ஒரு மணி நேரத்தில் ஆட்டத்தை முடித்துவிட்டு இலை போடச் சொல்லலாம்.

இரண்டாவது, டேனியல் மெர்சி எழுதி 2015-இல் வெளியான 'டிராகன் ராம்பண்ட்'. இதில் ஒவ்வொரு கூட்டத்தையும் நகர்த்துவதற்கு முன் இரண்டு பகடை உருட்டிக் குறித்த எண்ணை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அந்தக் கூட்டம் நிற்பதோடு போகாது. முறையே எதிரிக்குப் போய்விடும். கூட்டத்தின் பலம் பாதிக்கு மேல் இருக்கும் வரையில் சண்டைக்கு 12 பகடை, பாதியாகிவிட்டால் 6. நடுவில் வேறு கணக்கில்லை. சும்மா உட்காரும் துன்பம் இதில் குறைவு. குறையும் ஒன்று உண்டு: ஆறு அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 36-இல் 26 பங்கு வெற்றி, 10 பங்கு தோல்வி. முதல் உருட்டலிலேயே அந்தப் பத்தில் விழுந்து, அடுத்த முறையும் விழுந்தால், பெரியவர்களுக்கே கண்ணில் நீர் வந்துவிடும். மனசு இளகிய குழந்தைகள் உள்ள வீட்டில், முறைக்கு ஒரு கூட்டமாவது உருட்டாமல் நகரலாம் என்று நாமே ஒரு சலுகை ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது, இத்தாலியர் ஆந்திரேயா ஸ்ஃபிலிகோய் 2007-இல் வெளியிட்ட 'சாங் ஆஃப் ப்ளேட்ஸ் அண்ட் ஹீரோஸ்'. இதற்குச் சேனை வேண்டாம்; ஆளுக்கு ஐந்து முதல் பத்துப் பதுமைகள் போதும். ஒவ்வொருவருக்கும் இரண்டே எண்கள்: அவன் தரம் எவ்வளவு, சண்டைத் திறம் எவ்வளவு. அடிக்கோலும் வேண்டாம், சிறிது, நடுத்தரம், நீளம் என மூன்று குச்சிகள் போதும். உங்கள் வீரனை நடத்த ஒரு பகடை உருட்டலாம், இரண்டு உருட்டலாம், மூன்றும் உருட்டலாம். அது உங்கள் இஷ்டம். தரத்தை எட்டிய ஒவ்வொரு பகடைக்கும் ஒரு காரியம் செய்யலாம். ஆனால் இரண்டு பகடைகள் தவறினால் முறை எதிரிக்குப் போய்விடும்.

கணக்கு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்! நாலும் அதற்கு மேலும் விழ வேண்டிய சாமானிய வீரன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகடை உருட்டினால் முறை பறிபோகும் அபாயமே இல்லை. ஆனால் பாதித் தடவை அவன் அசையமாட்டான். இரண்டு உருட்டினால் நாலில் ஒரு பங்கு அபாயம். மூன்று உருட்டினால் சரிபாதி அபாயம். மூன்று விழ வேண்டிய தேர்ந்த வீரனுக்கோ, மூன்று பகடை உருட்டினாலும் அபாயம் 27-இல் 7 பங்குதான். இதை யாரும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு ஆட்டத்தில் அவளாகவே கண்டுகொள்வாள். எளிய விதி என்பது யோசனையைக் குறைப்பதன்று. புத்தகத்தில் செலவாகும் யோசனையை எடுத்து, விளையாடுகிறவர் கையில் கொடுப்பதே எளிய விதி.

இம்மூன்றும் விலைக்கு விற்பவை. செலவு செய்யுமுன் ருசி பார்க்க விரும்புகிறவர்கள், 'ஒன் பேஜ் ரூல்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதிகளைப் பார்க்கலாம். அதிலும் வீரனுக்கு முக்கிய எண்கள் இரண்டே. இருவரும் மாற்றி மாற்றி ஒவ்வொரு கூட்டமாக நகர்த்துவதால் காத்திருக்கும் நேரமும் சொற்பம். பதுமைகளும் விலை கொடுத்து வாங்கியவையாக இருக்க வேண்டுமென்பதில்லை. அட்டையில் வரைந்து வெட்டி, அடியில் ஒரு வட்டத்தில் ஒட்டி நிறுத்தினால் அதுவும் டிராகன்தான்.

இனி, எதிர்க் கட்சிக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இவ்வளவையும் கேட்ட பிறகு என் மகன், "அப்பா, அந்தப் பெரிய புத்தகத்திலேதான் ருசி இருக்கிறது" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. இன்ன பூதம் இன்ன மலையில் பிறந்தது, அதன் கோடரிக்கு இன்ன சாபம் என்பதெல்லாம் சிறு புத்தகத்தில் கிடைக்காது. ஒரே வயதுடைய இரண்டு நண்பர்கள் வாரந்தோறும் கூடி, விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் விளையாட முடியுமானால் அதன் ஆனந்தமே வேறு. அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டிலே அப்பா, அண்ணன், தங்கை என்று மூன்று வயதினர் ஒரு ஜமக்காளத்தில் உட்காரும்போது, யாருக்குப் பொறுமை குறைவோ அவரை உத்தேசித்தே விதி அமைய வேண்டும். பையன் இப்போது அந்தப் பெரிய புத்தகத்தை இராத்திரியில் கதைப் புத்தகமாகப் படிக்கிறான். அதற்கு அது மிகவும் தகுதியானதே.

குழந்தைகளுக்கு யுத்த விளையாட்டு எதற்கு என்று கேட்கும் தாய்மார்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வெல்ஸ் தம் புத்தகத்தின் முடிவில், பொம்மை யுத்தத்தை மூன்று நான்கு தடவை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜ யுத்தம் எவ்வளவு அசட்டுத்தனமான காரியம் என்று விளங்கிவிடும் என்ற கருத்தைச் சொல்கிறார். புத்தகம் வெளிவந்த மறு வருஷம், 1914-இல், மகா யுத்தம் மூண்டது. அதில் விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. எங்கள் கூடத்தில் விழுகிறவர்கள் இராத்திரி பெட்டிக்குள் படுத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்துவிடுகிறார்கள். இந்த வித்தியாசத்தைக் குழந்தைக்குச் சொல்லிக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறதென்றால், அதை நான் நஷ்டமாக நினைக்கவில்லை.

விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் பெட்டி பரணிலிருந்து இறங்கிற்று. இந்தத் தடவை ஆளுக்கு ஆறு பதுமைகள். விதிகளைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம். முதல் முறையே குழந்தையுடையது. "எத்தனை பகடை அம்மா?" என்று கேட்டேன். "மூன்று" என்றாள், சற்றும் யோசியாமல். இரண்டு தவறிவிட்டன; முறை அண்ணனுக்குப் போயிற்று. அண்ணன் தன் குள்ளர்கள் மூவரை டிராகனைச் சுற்றி நிறுத்தினான். அடுத்த முறை அவள் பகடைகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். பிறகு ஒன்றை மட்டும் எடுத்து உருட்டினாள்.

அன்றைக்கு இரண்டு யுத்தம் நடந்தது. முதலாவதில் டிராகன் மாண்டது. இரண்டாவதில் மந்திரவாதி தாடி பறக்க ஓடினார். சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களுள் நானும் ஒருவன்.